ஸ்கேன் செய்தாலே எண் போய்விடாது
"விளம்பரத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே நம் போன் எண் நிறுவனத்துக்குப் போய்விடும்" என்று சிலர் சொல்வது தவறு. வீணாகப் பயமுறுத்த வேண்டாம். 1994-இல் ஜப்பானில் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவான அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் எழுத்துகள்தான். பெரும்பாலும் ஓர் இணைய முகவரி. அதைத் தொட்டுப் பக்கத்தைத் திறந்த பிறகே ஐபி முகவரி (நம் இணைய இணைப்பின் அடையாள எண்), போனின் வகை, நேரம் ஆகியவை தளத்துக்குத் தெரியவரும். ஐபியை வைத்து ஊரைத் தோராயமாக ஊகிக்கலாம், அவ்வளவுதான். "சலுகை பெற" என்ற படிவத்தில் நாமே எண்ணைத் தட்டினாலோ, திறக்கும் வாட்ஸ்அப் உரையாடலில் செய்தி அனுப்பினாலோ போன் எண் அவர்கள் கைக்குப் போகும். அஞ்ச வேண்டியது, அசல் கோடின் மேல் ஒட்டப்படும் போலி ஸ்டிக்கருக்கு. திறக்கும் முன் திரையில் தெரியும் முகவரியை முழுதாகப் படியுங்கள்.