ஆஸ்லோ ஒப்பந்தம் பாலஸ்தீன நாட்டைத் தந்ததா?

"1993லேயே பாலஸ்தீனர்களுக்குத் தனி நாடு கொடுத்தாகிவிட்டது, அவர்கள்தான் கெடுத்துக்கொண்டார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. 1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான ஆஸ்லோ ஒப்பந்த ஆவணத்தில் 'பாலஸ்தீன நாடு' என்ற உறுதிமொழி எங்குமே இல்லை. அதற்கு நான்கு நாள் முன்பு எழுதிய கடிதங்களில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராஃபத் இஸ்ரேல் நாட்டை அங்கீகரித்தார். இஸ்ரேல் பிரதமர் ரபின் அங்கீகரித்ததோ அந்த இயக்கத்தை, பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக மட்டும்.

கிடைத்தது ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி. ஜெருசலேம், அகதிகள், இஸ்ரேல் ஆக்கிரமித்த நிலத்தில் கட்டப்பட்ட யூதக் குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு ஆகிய கடினமான விஷயங்கள் எல்லாம் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன. எங்கள் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான்.

1995இன் இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தம், இஸ்ரேல் ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையை மூன்றாகப் பிரித்தது. 'ஏ' பகுதியில் நிர்வாகமும் காவலும் பாலஸ்தீனர்களின் தன்னாட்சி அமைப்பான பாலஸ்தீன ஆணையத்திடம்; 'பி' பகுதியில் நிர்வாகம் மட்டும். சுமார் 60 சதவீத நிலமான 'சி' முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில். வீடு 'பி'யில், வயல் 'சி'யில் என்றால், அந்த வயலில் ஒரு கொட்டகை போடவும் இஸ்ரேலிய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 'ஏ' பகுதி நுழைவாயில்களிலோ, இஸ்ரேலியர் உள்ளே போவது உயிருக்கு ஆபத்து என்று மூன்று மொழிகளில் சிவப்புப் பலகை நிற்கிறது.

கெடுத்தது ஒரு தரப்பு மட்டும் அல்ல. 1994 பிப்ரவரியில் மேற்குக் கரையின் ஹெப்ரான் நகர மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றார். பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் இஸ்ரேலில் பேருந்துகளில் தற்கொலைக் குண்டுகளை வெடித்தது. குடியேற்றங்கள் தொடர்ந்து வளர்ந்தன. 1995 நவம்பர் 4 அன்று ரபினைக் கொன்றவர் ஒரு இஸ்ரேலியர். இடைக்காலம் 1999 மே மாதம் முடிந்தது. இறுதி உடன்பாடு வரவில்லை.