ஒருமுறை மனச்சிதைவு வந்தால் அவ்வளவுதானா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா: இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்றவை வரும் மனநோய்) ஒருமுறை வந்துவிட்டால் மீளவே முடியாது, படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் போச்சு, மருந்து போதைபோல ஒட்டிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள் என்கிறது அது.

முதல் பாதி பொய். உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம்: மூன்றில் ஒருவராவது முழுமையாகக் குணமடைகிறார். மற்றவர்களில் சிலருக்கு விட்டுவிட்டு வரும், சிலருக்கு நீடிக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் முறை வந்தபோதே யாருடைய கதையும் முடிந்துவிடுவதில்லை.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. இந்த மருந்துகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. முதல் பாதிப்பிலிருந்து மீண்டவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடியது. பக்கவிளைவு படுத்துகிறதா? எடை கூடுகிறது, தூக்கம் அழுத்துகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். நாமாக நிறுத்துவது வேறு விஷயம்.

சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. அதற்காகவே சிங்கப்பூர் மனநலக் கழகம் 2001இல் தனித் திட்டம் தொடங்கியது. கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? புவாங்கோக்கில் இருக்கும் அந்தக் கழகத்துக்கும் போங்கள். கழகத்தின் 24 மணிநேர உதவி எண் 6389 2222.

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவர் பெரியம்மாவாகவே இருந்தாலும் சரி.