அகதிகளுக்கு மனநோய் என்பதே தெரியாதா?

"அகதிகள் பலரின் பண்பாட்டில் மனநோய் கிடையாது, அவர்கள் சொல்வதெல்லாம் வெறும் உடம்பு வலி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கம்போடிய அகதிகள் 'கியால்' என்பார்கள்: உடம்புக்குள் காற்று மேலேறி, கழுத்து இறுகி, தலை சுற்றி, உயிரே போய்விடும் என்ற பயம். கழுத்து வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பயம் அப்படியேதான் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே கியால் இடம்பெற்றிருக்கிறது. கூடவே, 'இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்பது போன்ற மருத்துவர் நோயாளியிடம் கேட்க வேண்டிய 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலும் அதில் உண்டு.

சரி, மருத்துவருக்கு அகதியின் மொழி புரியவில்லை என்றால்? தயவுசெய்து பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்ற பிள்ளை முன்னால் எந்தத் தாய் தான் பட்ட சித்திரவதையைச் சொல்வாள்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள்.