கொல்லிமலைக்குத் தக்காளி ஏறுகிறது

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில், ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு மினி லாரி இறங்கி வந்தது. தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸ் ஏற்றிய டெம்போ ஒன்று மேலே ஏறப் போனது. டெம்போக்காரர் ஹாரன் அடித்தார், லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அந்தக் கிழங்கு ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஆகும். கிழங்கு விற்ற காசில் மேலே தக்காளி வாங்குவார்கள். எழுபது வளைவு ஏறி வந்த தக்காளி என்ன விலை விற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மலையில் நாலு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்திருக்கிறேன். "மலைவாழ் சிறு விவசாயிகளுக்குக் காய்கறி பயிரிடக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று யாராவது மேடையில் பேசினால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான்.

மரவள்ளி வருவதற்கு முன் அங்கே கேழ்வரகுக் கொல்லை என்றால் அதில் கேழ்வரகு மட்டும் இருந்ததில்லை. நடுநடுவே மொச்சை, அவரை, கடுகு. ஓரத்தில் பூசணியும் பீர்க்கும் படர்ந்து கிடக்கும். விதைக்காமலே முளைக்கும் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் வேறு. களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவதுதான் அன்றைக்குக் குழம்பு. இதற்குக் காய்கறி சாகுபடி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. எந்தக் கணக்கிலும் ஏறாமல் இருந்தது, எந்தக் கணக்கிலும் வராமலே போய்விட்டது.

மரவள்ளி வந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். சாமையை உரலில் போட்டுக் குத்திப் புடைத்துச் சோறாக்குகிற பாட்டைப் பட்ட எந்தப் பெண்ணும் அந்தக் காலம் திரும்ப வரட்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஆகா, சிறுதானியம்' என்று உருகுகிறவர்கள் பெரும்பாலும் மிக்ஸி வைத்திருப்பவர்கள். மரவள்ளி மழை குறைந்தாலும் தாங்கும், பத்து மாதத்தில் மொத்தமாக ஒரு தொகை கையில் வரும், பிள்ளையின் காலேஜ் பீஸுக்கு ஆகும். சோற்றுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் கொல்லை ஒற்றைப் பயிரானபோது மொச்சையும் பூசணியும் சேர்ந்து போயின. அப்புறம் களைக்கொல்லி வந்தது. அதற்கு மணத்தக்காளியும் களைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று சொல்கிறார்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கிலோ. மலைமேல் இருக்கும் செம்மேட்டில் தினமும் இரண்டு கிலோ வாங்கிச் சமைக்கிற கூலிக் குடும்பம் எங்கே இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. இது சமவெளியையும் சேர்த்த கணக்கு. மலையில் நான் பார்த்த பெண்களின் வெளிறிய நகக்கண் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? வீட்டுக்கு ஒரு விதைப் பொட்டலம் கொடுத்தோம். ஏழு வகை விதை. அதில் பீட்ரூட்டும் முள்ளங்கியும் உண்டு. அந்த ஊரில் பீட்ரூட் பொரியல் செய்து நான் பார்த்ததில்லை. கொடுத்த மாதம் சித்திரை. ஏனென்றால் மார்ச்சுக்குள் வாங்கிக் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. ஊற்று வற்றி, குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் குடத்தோடு காத்துக் கிடக்கிற நேரத்தில் கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் படம் வரைந்து விளக்கினேன். வெட்கமாக இருக்கிறது. முளைத்த கொஞ்சத்தையும் கோழி கிளறிவிட்டது. போட்டோ மட்டும் நன்றாக வந்தது.

அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் மட்டும் எந்தத் திட்டமும் இல்லாமல் காய் இருந்தது. துணி துவைக்கிற கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு சாண் அகல வாய்க்காலில் ஓடி ஒரு வாழை மரத்தடிக்குப் போகும். வாழைக்குப் பக்கத்தில் மூங்கில் பந்தல், அதில் மேரக்காய் (அதுதான் சௌசௌ). பந்தல் நிழலில் தண்டுக்கீரை, நாலு பச்சை மிளகாய்ச் செடி. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தது, கோழிக்காக. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் "இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "தண்ணி எங்க போவுதோ அங்கதான தம்பி வெக்கணும்" என்றார், நான் ஏதோ விவரம் கெட்ட கேள்வி கேட்டுவிட்ட மாதிரி.

என் கட்சி இதுதான். மலையில் காய்கறி என்றதும் எல்லோரும் சந்தையிலிருந்து தொடங்குகிறார்கள்: இத்தனை ஏக்கர், இத்தனை டன், ஊட்டி மாதிரி, கொடைக்கானல் மாதிரி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரனுக்கு அது இன்னொரு சூதாட்டம். வண்டி வராத ஒரு நாளில் தக்காளி அழுகிவிடும். கிழங்கு அப்படியில்லை, பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே சில வாரம் காத்திருக்கும். அதனால்தான் அவன் மரவள்ளியை விட மாட்டேன் என்கிறான், அவனுக்குத் தெரிந்ததை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் குழம்புச் சட்டிக்கு வரட்டும். மிஞ்சினால் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகட்டும்.

மரவள்ளியைப் பிடுங்கி எறிய வேண்டியதும் இல்லை. குச்சியை மூன்றடிக்கு ஒன்றாக நடுகிறார்கள். இலை கூடி நிழல் கட்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் நடுவில் கிடக்கிற மண் சும்மாதான் கிடக்கிறது, மழையில் கரைந்து சரிவில் ஓடுகிறது. அதில் தட்டைப்பயறு போடலாம், சின்ன வெங்காயம், கொத்தமல்லி போடலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊடுபயிரை எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறது. தட்டைப்பயறு மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும், சட்டிக்குக் காயும் கொடுக்கும். ஒரே நிபந்தனை, அந்தக் கொல்லையில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது. அப்போது களையெடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் யார், அதே பெண்தான். இந்த இடத்தில் எனக்கும் பதில் கிடையாது. ஊரக வேலைத் திட்டத்தில் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக் கூலி கொடுத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

வேலையை விட்டு இறங்கியபோது அந்தப் பெரியம்மா சுரைக்குடுக்கையிலிருந்து சாம்பலோடு ஒரு பிடி அவரை விதை அள்ளித் தந்தார். நாமக்கல்லில் என் வீட்டு மொட்டை மாடியில், பங்குனியிலேயே தொட்டியில் போட்டுவிட்டேன். கொடி கம்பியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆன்டெனா வரை போனது. ஆவணி வரை ஒரு பூ இல்லை. போன் போட்டுச் சொன்னேன்.

"பங்குனியில யாரு போடச் சொன்னா? ஆடியில போட்டு, பனி எறங்கினாத்தான் அது பூக்கும். நாலு வருசம் இங்க என்னதான் தம்பி பண்ணிக்கிட்டு இருந்த?"

இன்னும் ஒன்பது விதை மிச்சம் இருக்கிறது. ஆடிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.