எஸ்.என். லட்சுமி நடித்தார்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருந்தோம். டிவியில் 'மைக்கேல் மதன காமராஜன்'. எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை, ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஊர்வசியின் பாட்டி வந்தார். போகிற இடத்தில் எல்லாம் கண்ணில் பட்டதைச் சுருட்டி ஒளித்துக்கொள்ளும் பாட்டி. நண்பரின் மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பாட்டி நடிக்கவே இல்லைங்க. அவங்க வீட்டுல எப்படி இருப்பாங்களோ அப்படியே வந்து நின்னிருக்காங்க."

மனசாரப் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் நெருஞ்சி முள் மாதிரி தைத்துவிட்டது. "சரி, அவங்க பேர் என்ன?" என்று கேட்டேன். அறையில் ஆறு பேர் இருந்தோம். ஊர்வசி தெரிகிறது, டெல்லி கணேஷ் தெரிகிறது, கிரேசி மோகன் வசனம் வரிக்கு வரி மனப்பாடம். பாட்டியின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் பெயர் எஸ்.என். லட்சுமி. 2012 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு வாக்கியம் எழுத வைத்துவிட்டது.

"நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார்" என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். கதாநாயகனைச் சொன்னால், அடுத்த வரியிலேயே அதற்காக அவர் எத்தனை கிலோ இளைத்தார், எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார் என்ற பேச்சும் வந்துவிடும். அம்மாவாக, பாட்டியாக, வேலைக்காரியாக வரும் பெண்களுக்கு அந்த இரண்டாவது வரி கிடையாது. அவர்கள் உழைத்து வரவழைத்ததை எல்லாம் பிறவியிலேயே கூட வந்ததாக எடுத்துக்கொள்கிறோம். வயசான பொம்பளை, பாட்டியாக வந்து நிற்கிறார், இதில் நடிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

அப்படியானால் 1964-க்குப் போவோம். 'சர்வர் சுந்தரம்'. பாலசந்தரின் கதை, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. அதில் நாகேஷின் அம்மா எஸ்.என். லட்சுமி. 2012-ல் அவர் மறைந்தபோது வயது 85 என்று செய்திகளில் வந்தது. அந்தக் கணக்குப்படி 'சர்வர் சுந்தரம்' வந்த வருடம் அவருக்கு 37. நாகேஷ் பிறந்தது 1933. ஆறு வயது இளையவருக்கு அம்மா. அக்கா என்று சொன்னால்கூட ஓர் ஒட்டுதல் இருக்கும் வயது. அந்தப் படத்தில் அவர் 'இயல்பாக' இருந்திருந்தால் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்தான் திரையில் தெரிந்திருப்பார். தெரிந்தது யார்? ஓட்டலில் தட்டு எடுக்கும் மகன் பெரிய நடிகனாகிவிட்டதைப் பார்த்துப் பூரித்து, அந்தப் பெரிய வீட்டில் அவன் எப்போது வருவான் என்று காத்துக்கொண்டே இருக்கும் ஒரு தாய். அவள் உயிர் பிரியும் நேரத்தில் மகன் படப்பிடிப்பில் இருப்பான். பிறகு நாகேஷ் அழுவதைப் பற்றி அறுபது வருடமாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த அழுகைக்கு ஒரு அம்மா வேண்டுமே. அவள் உண்மையான அம்மா என்று நாம் முதலில் நம்பினால்தானே அவன் அழுகை நம்மைத் தொடும். அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தது 37 வயதுப் பெண் ஒருவரின் உடம்பும் குரலும்.

இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. பண்டரிபாய் 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1968-ல் 'குடியிருந்த கோயில்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆரைவிட அவர் பத்து வயதுக்கு மேல் இளையவர். கதாநாயகர்கள் ஐம்பதிலும் கல்லூரி மாணவனாக வரலாம். பெண்கள் முப்பதிலேயே நரைத்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்த இடம் இது. அந்தச் சட்டம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதே சமயம், அந்தச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு அவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

எஸ்.என். லட்சுமிக்கு விருதுநகர் பக்கத்தில் சென்னல்குடி என்ற கிராமம். கரிசல் காட்டுப் பெண். சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டவர். நாடகத்தில் க்ளோசப் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கடலை உரிப்பவனுக்கும் மேடையில் வந்திருப்பது கிழவி என்று புரிய வேண்டும் என்றால், அதைக் குரலில் கொண்டுவர வேண்டும், முதுகில் கொண்டுவர வேண்டும், தரையில் கையை ஊன்றி எழுந்திருப்பதில் கொண்டுவர வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பலரும் சினிமாவுக்கு வந்த பிறகும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரியே நடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை, அது ஒரு பாணி. இவர் மட்டும் கேமரா பக்கத்தில் வர வர அளவைக் குறைத்துக்கொண்டே போனவர். பிற்காலப் படங்களில் அவர் குரலை உயர்த்துவதே அபூர்வம்.

'பாக்தாத் திருடன்' படத்தில் டூப் போடாமல் சிறுத்தையோடு மோதினார் என்பது அவரைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தகவல். பாட்டி என்றே நமக்குப் பதிந்துபோன ஒருவருக்கு அப்படியும் ஒரு இளமை இருந்தது.

இப்போது மூன்று படங்களுக்கு வருகிறேன். மூன்றிலும் நாயகன் கமல்ஹாசன், மூன்றிலும் எஸ்.என். லட்சுமி பாட்டி. 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்', 1994-ல் 'மகாநதி', 2004-ல் 'விருமாண்டி'.

முதல் படத்தில் அக்ரகாரத்துப் பேச்சு. சொல்லப்போனால் அந்தப் பேச்சைவிட எனக்குப் பிடித்தது அவர் கை. கை ஒரு பக்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், முகம் இன்னொரு பக்கம் ரொம்ப மரியாதையாக எதையோ விசாரித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கை எங்கே போகிறதோ கண்ணும் அங்கேதான் போகும். அது உடம்பின் குணம். அதைப் பிரித்து வைத்தார். அதுவும் நான்கு கமல்களும் கிரேசி மோகனும் சேர்ந்து விநாடிக்கு விநாடி சிரிக்க வைக்கும் ஒரு படத்தில், தன் பங்குச் சிரிப்புக்காக ஒரு இடத்திலும் அவர் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. தான் செய்வது வேடிக்கை என்று அந்தப் பாட்டிக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் நாம் சிரிக்கிறோம்.

'மகாநதி'யில் அவர் கமலின் மாமியார். மகள் இறந்துபோன பிறகும் மருமகனோடும் பேரப்பிள்ளைகளோடும் அதே வீட்டில் இருக்கும் பெண். நம் வீடுகளில் இது எவ்வளவு நுணுக்கமான இடம் என்று யோசித்துப் பாருங்கள். மகள் இருக்கும்வரை மாமியாருக்கு அந்த வீட்டில் உரிமை உண்டு. மகள் போன பிறகு? பிள்ளைகளை வளர்ப்பதால் உரிமை இருக்கிறது, ஆனால் வாய்விட்டுக் கேட்டுவிட முடியாது. அந்த அரை அடி ஒதுங்கி நிற்கும் தன்மையை அவர் படம் முழுக்கக் கூடவே வைத்திருந்தார். மருமகன் சிறையில் இருக்கும்போது அந்தப் பாட்டி இறந்துபோவார், பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போவார்கள். அந்தப் படத்தை இரண்டாவது முறை பார்க்க எனக்குத் தைரியம் வர வருடங்கள் ஆயின. அப்படிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்தக் குடும்பத்தின் கடைசித் தூண் அவர்தான்.

'விருமாண்டி'யைப் பற்றிச் சொல்ல எங்கள் அப்பத்தாவைக் கூட்டி வர வேண்டும். அந்தப் படத்தை அவள் எங்கள் வீட்டு டிவியில் பார்த்தாள். சினிமாவில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. வெற்றிலை இடித்துக்கொண்டே பாதி பார்ப்பாள், பாதி தூங்குவாள். விருமாண்டியின் பாட்டி வாயைத் திறந்ததும் உலக்கையை அப்படியே நிறுத்திவிட்டாள். "ஏலே, இவ நம்ம பக்கத்துப் பொம்பளைடா. பேச்சைக் கேட்டாத் தெரியலையா?" என்றாள். நான் பெருமையாக, "ஆமா அப்பத்தா, விருதுநகர்ப் பக்கம். அந்த 'மைக்கேல் மதன காமராஜன்'ல திருட்டுப் பாட்டியா வர்றதும் இவங்கதான்" என்றேன். அப்பத்தா நம்பவில்லை. "போடா, அது ஐயர் வீட்டம்மா. இவ வேற, அவ வேற." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கண்ணைக் காட்டினேன், மூக்கைக் காட்டினேன். கடைசிவரைக்கும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த நம்பிக்கையோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

மண்ணோடு மண்ணாக உழைத்துப் பழகிய, மனுஷர்களைச் சட்டென்று எடைபோடத் தெரிந்த ஒரு கிழவியையே இரண்டு ஆள் என்று நம்ப வைத்திருக்கிறார். இதை நடிப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அப்புறம் தொலைக்காட்சி. சீரியல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு; என் எண்ணம் வேறு. வயதான நடிகைகளுக்கு சினிமா கதவை மூடிக்கொண்டே வந்த வருடங்களில் அவர்களுக்கு மாதாமாதம் வேலை கொடுத்தது சீரியல்தான். அது சுலபமான வேலையும் இல்லை. ஒரு நாளில் எடுத்துத் தள்ள வேண்டிய காட்சிகள் ஏராளம். வசனப் பேப்பர் காலையில்தான் கைக்கு வரும், பல சமயம் பக்கத்திலிருந்து ப்ராம்ப்ட் பண்ணப் பண்ண அதை வாங்கிப் பேச வேண்டும். வீட்டுப் பெரியவர் பாத்திரம் என்றால் இன்னொரு சிரமம்: ஹாலில் எல்லோரும் சண்டை போடும்போது ஒரு ஓரத்தில் நின்று ரியாக்‌ஷன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வசனம் இரண்டு வரி, நிற்பது அரை நாள். எண்பதைத் தாண்டிய வயதில் அவர் இதைச் செய்தார். விஜய் டிவியில் 'சரவணன் மீனாட்சி' தொடங்கிய காலம். இறக்கும்போது அந்தத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். 'சர்வர் சுந்தர'த்திலிருந்து எண்ணினால் 48 வருடங்கள். முதலில் வேஷம் போட்டுக் கொண்டுவந்த முதுமைக்குள், பிறகு நிஜமாகவே நடந்துபோய்ச் சேர்ந்தார். அப்போதும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் அம்மா அந்தத் தொடரை விடாமல் பார்ப்பார். எஸ்.என். லட்சுமி இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "லட்சுமியா அவங்க பேரு?" என்று கேட்டார். சிறு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முகம். பெயர் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நாம் யாரும் அந்தப் பெயரை அவருக்குச் சொல்லவில்லை.

விருது விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேசிய விருதில் சிறந்த துணை நடிகைக்கு என்று ஒரு பிரிவே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. 'சர்வர் சுந்தரம்' வந்தபோது அப்படி ஒரு வரிசையே கிடையாது. பின்னாளில் மனோரமா ஆச்சிக்கு 'புதிய பாதை'க்காக அது கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முந்தைய முப்பது வருட அம்மாக்கள், பாட்டிகள், அத்தைகள் எல்லோரும் கணக்கிலேயே வராமல் போனார்கள்.

படங்களாவது இருக்கின்றன. இன்று இரவே தேடிப் பார்க்கலாம். அவர் நடித்த நாடகங்கள்தான் போய்விட்டன. ஒரு முப்பது வயதுப் பெண் மேடையில் எழுபது வயதாக எப்படி நடந்தார், அந்தக் குரல் கொட்டகையின் கடைசி வரிசைக்கு எப்படிப் போனது என்பது நேரில் பார்த்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அவர் நாடகம் பார்த்திருந்தால், அவரோடு மேடையேறியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கேட்டு எனக்கு எழுதுங்கள். ஊர், நாடகத்தின் பெயர், அவர் என்ன வேஷம் கட்டினார், எது நினைவில் நிற்கிறதோ அது. ஒரு வரியாக இருந்தாலும் போதும். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன்.