அவர்கள் எல்லாரும் அனாதைகள் இல்லை

பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அனாதைகள், அதனால் அவர்களுடைய பெற்றோரைத் தேடுவது வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 1869 முதல் 1948 வரை சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள் அப்படிப் போனார்கள், அதில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருந்தார்கள். கணவனை இழந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வழியில்லாத தாய், நோயில் விழுந்து வேலை போன தகப்பன், இப்படி வறுமைதான் அவர்களைக் குழந்தைகள் இல்லங்களில் கொண்டுபோய் விட்டது; பெற்றோருக்குச் சொல்லாமலேயே கப்பலேற்றியதும் நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

பதிவும் இருக்கிறது. கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகம் பயணிகள் பட்டியலிலிருந்து எடுத்த பெயர்களை இணையத்தில் இலவசமாகத் தேடவிடுகிறது. அதில் கப்பல், வந்த ஆண்டு, பல பேருக்கு அனுப்பிய அமைப்பும் கிடைக்கும். சரி, அமைப்பு தெரிந்துவிட்டால் அங்கே எழுதிக் கேளுங்கள், பர்னார்டோஸ் என்ற பிரிட்டிஷ் குழந்தைகள் தொண்டு அமைப்பு மாதிரி சிலர் பழைய கோப்புகளை இன்னமும் வைத்திருக்கிறார்கள், சேர்க்கைத் தாளில் பெற்றோர் பெயர், முகவரி, கூடப் பிறந்தவர்கள், சேர்த்த காரணம் வரை இருக்கலாம். அப்புறம் இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்புப் பதிவு 1837லிருந்தே உண்டு. பதிவுக்குப் பதிவு வயதும் குடும்பப் பெயரின் எழுத்தும் கொஞ்சம் மாறியிருக்கலாம், அதற்காக இவர் வேறு ஆள் என்று உடனே தள்ளிவிடாதீர்கள்.