கர்ஸ்ட் போன பிறகு கார்னெல்

2025 மே 26 ஆம் தேதி, ஃபாக்ஸ்பரோவின் ஜில்லெட் அரங்கில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆடவர் லாக்ராஸ் அணி மேரிலாந்தை 13-10 என்ற கணக்கில் வென்று அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த அணிக்கு 1977 க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம் இது. பட்டம் வந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள்ளாகவே, "இது கோல்களைக் குவித்த தாக்குதல் வீரர் சி.ஜே. கர்ஸ்டின் பட்டம், அவர் படிப்பு முடிந்து போய்விட்டார், இனி இன்னொரு 48 ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்" என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கார்னெலின் ஊரான இத்தாகாவில் வசித்து, அதன் ஷோல்காஃப் மைதானத்தின் சில்லிட்ட கற்படிகளில் அமர்ந்து இந்த அணியைப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் பாதி உண்மை என்றும், மக்கள் பிடித்துக்கொண்டிருப்பது தவறான பாதியை என்றும் நினைக்கிறேன். அதை விளக்கவே இந்த நீண்ட பதிவு.

லாக்ராஸ் பார்த்திராத நண்பர்களுக்குச் சுருக்கமாக: ஓர் அணிக்குப் பத்துப் பேர். தாக்குதலுக்கு மூவர், நடுக்களத்துக்கு மூவர், தடுப்புக்கு மூவர், கோல் காப்பதற்கு ஒருவர். நுனியில் வலைப்பை கட்டிய தடியால் கெட்டியான ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, பிடித்து, ஆறடிக்கு ஆறடி உள்ள கோலுக்குள் செலுத்த வேண்டும். கால்பந்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முக்கியமான விதி, ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மைதானத்தின் நடுவே இரு அணியிலிருந்தும் ஒருவர் குனிந்து பந்துக்காகப் போராடுவது. இதை ஃபேஸ்ஆஃப் என்கிறார்கள். கோல் வாங்கிய அணிக்குத்தான் அடுத்த பந்து என்ற உறுதி இல்லாததால், நல்ல ஃபேஸ்ஆஃப் வீரர் இருக்கும் அணி எதிரணியின் கைக்குப் பந்தே போகாமல் மூன்று நான்கு கோல்களைத் தொடர்ந்து அடித்துவிட முடியும். கிரிக்கெட்டில் ஒரே பக்கம் டாஸ் ஜெயித்துக்கொண்டே இருப்பதைப்போல என்று ஒருமுறை ஊரிலிருந்து வந்த என் மாமாவுக்கு விளக்கினேன். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

இந்த விளையாட்டு வட அமெரிக்கப் பழங்குடிகளின் கூட்டமைப்பான ஹோடநோசௌனி மக்களுடையது. கார்னெல் நிற்கும் இத்தாகாவே அந்தக் கூட்டமைப்பின் கயூகா மக்களின் நிலம். கல்லூரி வீரர்களில் ஆண்டின் சிறந்தவருக்கு வழங்கப்படும் டெவாரட்டன் விருதின் பெயரும் இந்த ஆட்டத்துக்கான மோஹாக் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இனி வரலாறு. 1971 இல் முதன்முதலாகத் தேசிய வாகையர் போட்டி நடத்தப்பட்டபோது இறுதி ஆட்டத்தில் கார்னெல் மேரிலாந்தை 12-6 என்று வென்றது. 1976 இல் மீண்டும் மேரிலாந்தை, கூடுதல் நேரம் வரை சென்று, 16-13 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸை வீழ்த்தியது. ரிச்சி மோரன் பயிற்றுவித்த அந்த அணி 1976 முதல் 1978 வரை தொடர்ந்து 42 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. 1978 இறுதி ஆட்டத்தில் ஹாப்கின்ஸ் அந்தத் தொடருக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பிறகு 1987, 1988, 2009, 2022 என நான்கு முறை இறுதி ஆட்டம் வரை வந்தும் கார்னெல் வெறுங்கையோடு திரும்பியது.

இவற்றில் 2009 ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இத்தாகாவில் ஒரு தலைமுறையே அதை மறக்கவில்லை. எதிரணி, இத்தாகாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிரக்யூஸ். கடைசி நான்கு நிமிடங்களை நெருங்கும்போது கார்னெல் மூன்று கோல் முன்னிலையில் இருந்தது. அந்த முன்னிலை ஒவ்வொன்றாகக் கரைந்து, ஆட்டம் முடிய நான்கு விநாடிகள் இருக்கும்போது சிரக்யூஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஹோடநோசௌனி வீரரான கோடி ஜேமிசன் அடித்த கோலால் 10-9 என்று பட்டம் பறிபோனது. அந்த ஆட்டம் நடந்ததும் இதே ஜில்லெட் அரங்கில்தான். அந்த ஆண்டின் டெவாரட்டன் விருது கார்னெலின் மேக்ஸ் சீபால்டுக்கு என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், என் வாதம் எங்கே போகிறது என்று உங்களுக்குப் புரியும்.

நாட்டின் மிகச் சிறந்த வீரரை வைத்திருப்பது கார்னெலுக்குப் புதிதல்ல. 2013 இல் ராப் பனெல் அதே விருதைப் பெற்றார். அந்த ஆண்டு அணி அரையிறுதியில் டியூக்கிடம் தோற்றது. ஒரு மனிதர் பட்டம் வாங்கித் தந்துவிடுவார் என்றால் இத்தாகாவுக்கு அது 2009 இலோ 2013 இலோ வந்திருக்க வேண்டும். கர்ஸ்ட்டே கூட, முதலாண்டு மாணவராக 2022 இல் இறுதி ஆட்டத்தில் இறங்கி, அந்தப் பருவம் முழுதும் தோற்காத மேரிலாந்திடம் 9-7 என்று தோற்றவர்தான். அன்று மேரிலாந்தின் கோல்காப்பாளர் லோகன் மெக்னேனி 17 பந்துகளைத் தடுத்தார். 2025 இறுதி ஆட்டத்திலும் மேரிலாந்தின் கோலில் நின்றவர் அதே மெக்னேனி என்பதும், அவருக்கு எதிராகக் கர்ஸ்ட் ஆறு கோல் அடித்தார் என்பதும் கதாசிரியர் எழுதினால் நம்ப மறுக்கும் வகையான செய்திகள். இரண்டு முறையும் மேரிலாந்தைப் பயிற்றுவித்த ஜான் டில்மன் கார்னெலில் படித்து, அதே அணியில் ஆடியவர் என்பதை வேண்டுமானால் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2022 க்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளை இப்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. 2023 இல் முதல் சுற்றிலேயே மிச்சிகனிடம் ஒரு கோலில் வெளியேறினார்கள். 2024 இல் தேசியப் போட்டிக்குத் தேர்வாகவே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் கர்ஸ்ட் அணியில் இருந்தார், கோல்களும் அடித்துக்கொண்டிருந்தார். ஆகவே 2025 இல் என்ன மாறியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கர்ஸ்டின் எண்ணிக்கைகளைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்தப் பருவத்தின் 19 ஆட்டங்களில் 82 கோல், அதாவது கல்லூரி லாக்ராஸின் உச்சநிலையான முதல் பிரிவில் ஒரே பருவத்தில் அடிக்கப்பட்ட அதிகபட்ச எண்ணிக்கைக்குச் சமம். கல்லூரி வாழ்வு முழுவதற்கும் 247 கோல். வர்ஜீனியாவின் பேட்டன் கார்மியர் முந்தைய ஆண்டுதான் 224 என்று நிறுவியிருந்த சாதனையை அது வெகுதூரம் தாண்டியது. ஆனால் 18 வெற்றி, ஒரு தோல்வி என்று முடிந்த இந்தப் பருவத்தின் கடினமான ஆட்டங்களைப் பாருங்கள். காலிறுதியில் ரிச்மண்டை வென்றது 13-12 என்ற ஒற்றைக் கோல் இடைவெளியில். அரையிறுதியில் பென் ஸ்டேட்டை, பருவத்தின் ஒரே தோல்வியை அவர்களுக்குத் தந்திருந்த அதே அணியை, 11-9 என்று அடக்கினார்கள். எதிரணியை ஒன்பது கோலுக்குள் நிறுத்துவது தாக்குதல் வீரரின் வேலை அல்ல. கோலுக்கு முன் வாயட் நஸ்ட் நிதானமாக நின்றார். தாக்குதலிலும் ரையன் கோல்ட்ஸ்டைன் கோலுக்குப் பின்புறமிருந்து பந்தைப் பகிர்ந்தளிக்க, மைக்கேல் லாங்கும் ஹியூ கெல்லஹரும் தனித்தனியே ஆபத்தானவர்களாக இருந்ததால், கர்ஸ்டை இருவர் மூவராகச் சூழ்ந்துகொள்ளும் பழைய உத்தி எதிரணிகளுக்குப் பயன்படவில்லை. முந்தைய ஆண்டுகளில் அந்த உத்தி பலித்ததை நான் படிகளில் அமர்ந்து வயிற்றெரிச்சலுடன் பார்த்திருக்கிறேன்.

எனவே, "82 கோலை யார் அடிப்பார்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், யாரும் தனியாக அடிக்க மாட்டார்கள், அடிக்கவும் தேவையில்லை என்பதே. கோல்கள் பங்கிடப்படும். கோல்ட்ஸ்டைன் 2026 பருவத்திலும் இருக்கிறார். கனடாவிலிருந்து வந்த வில்லம் ஃபர்த்தும் இருக்கிறார். பாதிப்பு வேறோர் இடத்தில் வரும் என்று அஞ்சுகிறேன். பந்தை இழந்த அடுத்த நொடியே, அதை மேலே கொண்டுபோக முயலும் எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் துரத்தி, மறித்து, மீண்டும் பறிப்பதில் கர்ஸ்ட் காட்டிய வெறி இருக்கிறதே, அதைப் பங்கிட முடியாது. புகழ் பெற்ற கோல்வேட்டையர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வதில்லை. அவர் அதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார், அணியின் மிகச் சிறந்த வீரரே ஓடும்போது மற்றவர்களால் நடக்க முடியவில்லை. மேலே சொன்ன பாதி உண்மை இதுதான். கர்ஸ்ட் போனது இழப்புதான். கோல் பட்டியலில் அல்ல, பந்து கைமாறும் அந்தப் பத்து விநாடிகளில்.

அடுத்து, இந்த அணியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கார்னெல், எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீகைச் சேர்ந்தது. ஐவி லீகில் விளையாட்டுக்கென்று கல்வி உதவித்தொகை கிடையாது; பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆட அனுமதி இல்லை. மற்றக் கல்லூரிகள் நான்காண்டு முடித்த, 23 வயதுத் தேர்ந்த வீரர்களை மேற்படிப்பின் பெயரால் வரவழைத்துக்கொள்ளும்போது, கார்னெல் அப்படிப்பட்டவர்களை அனுப்பிவைக்கும் இடமாகவே இருக்கிறது. 2022 இறுதி ஆட்டத்தில் மேரிலாந்துக்காக ஆடிய ஜானதன் டான்வில் அதற்கு முன் கார்னெலில் ஆடியவர். தன் பழைய தோழர்களைத் தோற்கடித்துத்தான் அவர் பட்டம் பெற்றார். அவர்மீது குற்றமில்லை, விதிகள் அப்படி. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின்படி கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வருவாயை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம்; ஐவி லீக் அதில் சேரப்போவதில்லை என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. லாக்ராஸுக்கு அந்தப் பணத்தில் பெரும் பங்கு போய்விடாது என்பது உண்மைதான், ஆனாலும் இடைவெளி விரியும், சுருங்காது. பதினெட்டு வயதில் சேர்ந்து நான்கு ஆண்டு ஒன்றாகவே ஆடும் அணி என்ற பழைய முறை 2025 இல் வென்றது. எல்லா ஆண்டும் வெல்லும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு ஓர் அருகாமை முன்னுதாரணம் உண்டு. இன்னோர் ஐவி அணியான யேல் 2018 இல் இதே ஜில்லெட் அரங்கில் டியூக்கை வென்று பட்டம் பெற்றது. அந்த ஆண்டின் டெவாரட்டன் வீரர் பென் ரீவ்ஸ் படிப்பு முடிந்து போனார். அப்போதும் யேல் முடிந்தது என்றுதான் சொன்னார்கள். 2019 இல் யேல் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்து வர்ஜீனியாவிடம் தோற்றது. ஆனால் யேலுக்கு அந்த ஆண்டு ஆல்பனியிலிருந்து டி.டி. ஐர்லன் என்ற அசாதாரணமான ஃபேஸ்ஆஃப் வீரர், இளநிலை மாணவராக இருக்கும்போதே மாறி வந்து சேர்ந்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. அடித்த கோல்களின் இழப்பை யேல் பந்து எடுக்கும் இடத்தில் ஈடுகட்டியது. கார்னெலும் அப்படித்தான் ஈடுகட்ட வேண்டும். ஃபேஸ்ஆஃபிலும், தரையில் கிடக்கும் பந்துகளிலும், எதிரணியை மறிப்பதிலும்.

பயிற்சியாளர் கானர் பூஸெக் மீது எனக்கு மதிப்பு உண்டு. கார்னெலில் ஆடியவர், 2020 இல் முப்பதை எட்டாத வயதில் பொறுப்பேற்றார், தொற்றுநோயால் ஐவி லீக் 2021 பருவத்தையே கைவிட்டதால், முதன்முதலாக அணியைக் களத்துக்கு அழைத்துச் சென்றது 2022 இல்தான். நான்கு பருவங்களில் இரண்டு இறுதி ஆட்டங்கள். வெற்றிக்குக் காரணம் கேட்டால் இந்த ஊரில் எல்லோரும் 'அணியின் பண்பாடு' என்று சொல்வார்கள். நான் அந்தச் சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கிறவன், ஏனென்றால் தோற்ற 2024 இலும் அதே பண்பாடுதான் இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். 2004 மார்ச்சில் ஷோல்காஃபில் நடந்த ஆட்டத்தில், எதிரணி எறிந்த பந்தின் குறுக்கே பாய்ந்து மார்பில் அடிபட்டு உயிரிழந்த அணித்தலைவர் ஜார்ஜ் போயார்டியின் நினைவு, அவர் இறந்தபோது பிறந்தே இராத சிறுவர்களுக்கும் இங்கே கற்பிக்கப்படுகிறது. அவருடைய 21 ஆம் எண்ணை வேறு யாரும் அணிவதில்லை.

என் கணிப்பைக் கேட்டால், 2026 மே மாத இறுதியில் ஷார்லட்ஸ்வில்லில் நடக்கும் கடைசி நான்கு அணிகளின் வாரத்தில் கார்னெலுக்கு இடம் உண்டு, பட்டம் கடினம். தொடர்ந்து இரண்டு பட்டங்கள் என்பது 2023, 2024 இல் நோட்ர டேமுக்கு வாய்த்தது. அதற்கு முன் அடுத்தடுத்த ஆண்டுகளில் வாய்த்தது 2013, 2014 இல் டியூக்குக்கு. ஐவி லீகில் அதைக் கடைசியாகச் செய்தது 1996 முதல் 1998 வரை மூன்று பட்டம் தொடர்ந்து வென்ற பிரின்ஸ்டன். அன்றைய விதிகளும் பணமும் வேறு.

பிப்ரவரியில் ஷோல்காஃபில் பனியை ஒதுக்கிவிட்டு ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் கர்ஸ்ட் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். நான் கார்னெல் முதல்முறை பந்தை இழக்கும் வரை காத்திருந்து, பிறகு அந்த மூன்று தாக்குதல் வீரர்களின் கால்களைப் பார்க்கப்போகிறேன்.